கூப்பிட்ட குரல்

முதல் தீ ஒத்திகையில் சைரன் ஊதியதும் பாதிப் பேர் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பி ஓடினார்கள். இலை ஏற்றும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தேடிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்கள். "எல்லாரும் கீழே மைதானத்துக்கு வாங்க, திரும்பிப் பார்க்காதீங்க" என்று ஒலிபெருக்கியில் ஜெசிந்தா தொண்டை வறளக் கத்தினாள். ஒருவரும் அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. புகைக்குண்டு புகைந்து ஓய்ந்தபோது மைதானத்தில் அவளும் ஆலைப் பேருந்தின் ஓட்டுநர் கந்தவேலுவும் மட்டுமே நின்றிருந்தார்கள்.

"நெசத் தீயா இருந்திருந்தா நம்ம ரெண்டு பேருதான் மிச்சம், மேடம்," என்றார் கந்தவேலு.

"சிரிக்காதீங்கண்ணே," என்றாள் ஜெசிந்தா.

கரடிச்சோலை மலையில் அந்தத் தைல ஆலையைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. மூன்று பக்கமும் தைலமரக் காடு. கீழே இறங்க ஒரே சாலை. வெயில் ஏறிவிட்டால் புல் மஞ்சளாகிவிடும், சருகு கணுக்கால் வரை கிடக்கும். அந்தச் சருகிலும் எண்ணெய்தான். மழை வருஷா வருஷம் தள்ளிப் போனதில் தீக்காலம் தையிலேயே தொடங்கி வைகாசி வரை நீண்டுகொண்டே வந்தது. பக்கத்து மலையில் ஒரு தங்கும் விடுதி ஆட்களோடு எரிந்துபோன பிறகுதான் ஆலைக்காரர்களுக்குப் பயம் வந்தது. ஜெசிந்தாவைப் பாதுகாப்பு அதிகாரியாக எடுத்தார்கள்.

அவள் வந்த முதல் வருஷமே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். காட்டுக்கும் ஆலைக்கும் நடுவே சருகையும் புல்லையும் வழித்து அகலமான தீத்தடுப்புக் கோடு போட்டாள். எண்ணெய் டிரம்களைக் கொட்டகையிலிருந்து மண்ணுக்கடியில் கட்டிய அறைக்கு மாற்றினாள். தகரக் கூரையின் இடுக்குகளில் தீப்பொறி நுழையாமல் கம்பி வலை அடித்தாள். பேருந்து எப்போதும் சரிவைப் பார்த்தே நிற்க வேண்டும் என்று கந்தவேலுவிடம் சண்டை போட்டாள். இரும்பும் மண்ணும் சொன்னபடி கேட்டன. ஆட்களை நகர்த்துவதுதான் அவளால் முடியவில்லை.

அதற்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து ரிஸ்வான் வந்தான். மெலிந்த, வேகமாகப் பேசுகிற இளைஞன். மலை முழுக்கப் புகையையும் சூட்டையும் மோப்பம் பிடிக்கும் கருவிகளைப் பதித்தான். ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கவசத்திலும் காதோரம் ஒரு சின்னப் பேசும் பொறியை வைத்தான். தீ எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது, யார் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் தனித்தனியாக வழி சொல்லும். கேள்வி கேட்டால் பதிலும் சொல்லும். அதற்கு வழித்துணை என்று பெயர் வைத்திருந்தான்.

அடுத்த ஒத்திகையில் அதையும் ஒருவரும் சட்டை செய்யவில்லை.

"நல்ல குரல்தானே, தெளிவா இருக்கே," என்றாள் ஜெசிந்தா.

"தெளிவா இருந்து என்னங்க பண்றது," என்றான் ரிஸ்வான். "புகைக்குள்ள மாட்டினவன் யோசிக்க மாட்டானுங்க. சின்ன வயசுல இருந்து யாரு சொன்னா எழுந்திருச்சானோ அவங்க சொன்னாத்தான் எழுந்திருப்பான். ரேடியோவுல வர்ற பொண்ணு சொன்னா அவன் ஏன் கேக்கணும்?"

"அதுக்கு?"

"ஒவ்வொருத்தருக்கும் அவங்க சொல் தட்டாத ஆளோட குரலைப் போட்டுடலாமுங்க. கொஞ்ச நேரம் பேசின பதிவு இருந்தாப் போதும். மிச்சத்தை அதுவே பேசிக்கும், அவங்க பேசற மாதிரியே."

ஆலையில் அந்த வாரம் திருவிழா மாதிரி இருந்தது. ஆளாளுக்குக் குரல் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் ஏழு வயது மகளின் குரலைக் கொடுத்தார். வடிப்புக் கொட்டகையில் வேலை பார்க்கும் பரிமளம் மாமியார் குரலைக் கொடுத்தாள். "அது வாயைத் தொறந்தாலே எனக்குக் காலு தானா ஓடும் மேடம்" என்று அவள் சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெசிந்தா தனக்கென்று எந்தக் குரலும் வைத்துக்கொள்ளவில்லை. கீழே நின்று நடத்துகிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் சன்னாசி எல்லாரும் போன பிறகு வந்தார். வேலையில் கெட்டி. வாயைத் திறக்கவே யோசிக்கிற மனிதர். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒச்சம்மா குரலு இதுல இருக்கு. எழுதத் தெரியாதுல்ல, எல்லாத்தையும் பேசித்தேன் அனுப்புவா."

ஒச்சம்மா அவர் மனைவி. காய்ச்சல் என்று மதுரைக்குக் கொண்டுபோய், திரும்பி வராமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜெசிந்தா ரிஸ்வானைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக அசைத்தான், வேண்டாம் என்பதுபோல.

"மக குரல் இருக்குமே, சன்னாசி? மோனிஷா நர்ஸா இருக்கால்ல. நல்லா அதட்டிப் பேசுவாளே."

"மக சொன்னா நாந்தேன் அதட்டுவேன். நான் கேட்டு நடந்தது இவ பேச்சு ஒண்ணுதேன் மேடம்."

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு மறுக்க அவளால் முடியவில்லை. செத்தவர்கள் குரலைப் போடக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லையே என்று ரிஸ்வானிடம் கேட்டாள். "விதி இல்லைங்க, நான் அதைப் பத்தி யோசிச்சே பார்க்கலை," என்றான் அவன். அவனுடைய குரலில் இருந்த தயக்கத்தை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிற்பாடு அவள் மனசு திரும்பத் திரும்பப் போய் நின்றது இந்த இடத்தில்தான்.

குரல்கள் வந்த பிறகு நடந்த முதல் ஒத்திகையில் ஆலை காலியானதைப் பார்த்து மேனேஜரே வாயடைத்துப் போனார். யாரும் தூக்கைத் தேடவில்லை. யாரும் வாசலில் நிற்கவில்லை. பரிமளம் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடி வந்தாள். எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்தவர் சன்னாசி. வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காட்டைப் பார்த்தபடி நின்றார். முகம் முழுக்க நனைந்திருந்தது. வியர்வை என்றார்.

ஆனால் அதற்கடுத்த ஒத்திகைகளில் அவர் நடுவில் வந்தார். பிறகு கடைசியில் வந்தார். பாய்லரை அணைத்து ஆவியைத் திறந்துவிட்டுத்தான் அவர் கிளம்ப முடியும், அதற்கான நேரத்தைக் கணினியே ஒதுக்கியிருந்தது. அது போகவும் தாமதம் கூடிக்கொண்டே போனது. கேட்டால் முழங்கால் வலி என்றார்.

ஜெசிந்தா ஒரு ஒத்திகையின்போது கந்தவேலுவை மைதானத்தில் நிறுத்திவிட்டு பாய்லர் அறைக்குப் போனாள். அடுப்பு அணைந்திருந்தது. ஆவி வெளியேறி முடிந்திருந்தது. சன்னாசி விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எந்திரிய்யா. வலக்கைப் பக்கம் கதவு தொறந்திருக்கு பாரு. வெளிய போய்யா," என்றது ஒச்சம்மாவின் குரல்.

"போறேன் புள்ள. மோனிக்கு ஒரு எடம் வந்திருக்கு, கேட்டியா? பையன் போடிப் பக்கம்."

"சரிய்யா. மொதல்ல எந்திரி. இன்னும் கொஞ்ச நேரந்தேன் இருக்கு."

"நீ வையிற மாதிரி வையி, எந்திரிக்கிறேன்."

"ஏய்யா, கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, ஒன்னையத்தேன் சொல்றேன்."

சன்னாசி சிரித்தார். அந்த மனிதர் சிரித்து ஜெசிந்தா பார்த்ததே இல்லை. உள்ளே போய் அவரை எழுப்பியிருக்க வேண்டும். போகாமல் கதவோரம் நின்று அவளும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ரிஸ்வானைக் கைபேசியில் கூப்பிட்டுப் பேசினாள். "மைதானத்துக்கு வந்ததும் அந்தக் குரல் என்ன ஆகுது?"

"நின்னுருமுங்க. ஆள் பத்திரம்னு ஆனதும் அதுக்கு வேலை முடிஞ்சுது."

"அப்ப அவரு ஆபத்துல இருக்கிற வரைக்கும்தான் அது பேசும்."

"மாத்திடுங்க மேடம்," என்றான் ரிஸ்வான். "உடனே மாத்திடுங்க."

சன்னாசியை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. தப்புச் செய்தவர்போல நின்றார்.

"ஒத்திகைன்னு தெரிஞ்சுதானே மேடம் உக்காந்தேன். நெசமா தீ வந்தா உக்காந்திருப்பேனா? எனக்கும் உசுரு வெல்லந்தேன். மகளைக் கட்டிக் குடுக்க வேணாமா?"

"அது ஒச்சம்மா இல்ல, சன்னாசி. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம். அவளா இருந்தா வார்த்தை இன்னும் கெட்டதால்ல வரும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தத் தீக்காலம் மட்டும் இருக்கட்டும். மழை விழுந்ததும் நீங்க எடுத்திருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தீக்காலம் முடிய இன்னும் கொஞ்ச மாதங்கள்தானே, அடுத்த ஒத்திகையில் எப்படி வருகிறார் பார்ப்போம் என்று அவள் ஒத்திப் போட்டாள். அடுத்த ஒத்திகையில் அவர் சொல்லி வைத்தாற்போலச் சீக்கிரம் வந்தார். அவளுக்கு மனசு லேசானது. ரிஸ்வான் இருமுறை கேட்டான். பார்க்கிறேன் என்றாள்.

தீ பங்குனியில் ஒரு மத்தியான வேளையில், சாப்பாட்டுக்கு எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. மேல்மலையில் எங்கோ பற்றியது, காற்று திரும்பியதும் சரிவில் இறங்க ஆரம்பித்தது. கருவிகள் அதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே சொல்லிவிட்டன. ஒத்திகையில் நடந்தது அப்படியே நடந்தது. தூக்கிலிருந்த சோற்றை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவரவர் காதில் அவரவர் மனிதர்கள் பேச, புகைக்குள் அவர்கள் நடந்து வந்ததை மைதானத்தில் நின்று பார்த்த ஜெசிந்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொருவராகத் தொட்டு, பெயர் சொல்லிப் பேருந்தில் ஏற்றினாள்.

சன்னாசி வரவில்லை. பாய்லரை அணைக்கிறார், நேரம் இருக்கிறது என்று கையிலிருந்த திரை சொன்னது. சற்றைக்கெல்லாம் ஆவி வெளியேறும் விசில் நீளமாகக் கேட்டது. முடித்துவிட்டார் என்று பெருமூச்சு விட்டாள். திரையில் அவருடைய புள்ளி நகரவில்லை.

நேரடியாக அவரிடம் பேசப் பொத்தானை அழுத்தினாள். மேல்மலையிலிருந்த கைபேசிக் கோபுரம் எரிந்து விழுந்திருந்ததால் அவள் குரல் போகவில்லை. அழுத்திக்கொண்டே மேட்டைப் பார்த்து ஓடினாள். கந்தவேலு பின்னால் வந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தீ தரையில் தடுப்புக் கோட்டைத் தாண்டவில்லை. தலைக்கு மேலே மரத்துக்கு மரம் தாவி வந்து கொட்டகை மேல் சரிந்தது.

"விடுங்கண்ணே. கதவு தொறந்துதான் இருக்கு, பாருங்க."

"பஸ்ஸுல இத்தனை பேரு இருக்காங்க மேடம்," என்றார் கந்தவேலு. அவளைத் தூக்கி வண்டிக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

எண்ணெய் அறை வெடிக்கவில்லை. பாய்லர் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் பேருந்தே தப்பியிருக்காது என்றார்கள் தீயணைப்புத் துறையினர். ஒரே ஒரு உயிரிழப்பு என்று செய்தியில் வந்தது. பல ஆலைகள் வழித்துணையை வாங்கக் கேட்டு எழுதின. ஜெசிந்தாவைப் பாராட்டி மேனேஜர் சால்வை போட வந்தபோது அவள் வீட்டுக்குள் இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை.

விசாரணை மாவட்டத் தலைநகரில், ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. பாய்லர் அறைச் சுவரில் பதித்திருந்த வழித்துணைப் பெட்டி கருகாமல் கிடைத்திருந்தது. கோபுரம் விழுந்த பிறகும் சன்னாசியோடு பேசியது அந்தப் பெட்டிதான். அதில் பதிவானதை ரிஸ்வான் போட்டுக் காட்டினான். முன்வரிசையில் மோனிஷா வெள்ளைத் துப்பட்டாவை விரலில் சுற்றியபடி இருந்தாள். ஜெசிந்தா இரண்டு வரிசை தள்ளி அமர்ந்திருந்தாள்.

ஒச்சம்மாவின் குரல் எழுந்திருக்கச் சொன்னது. கதவைச் சொன்னது. திட்டியது. "இதா வந்துட்டேன் புள்ள, ஒத்த வார்த்தை பேசிட்டு வந்துர்றேன்" என்றார் சன்னாசி. மூச்சு வாங்கியது, ஆனால் பயம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று ஊர்க்கதை பேசுகிறவரைப்போல இருந்தது அந்தக் குரல்.

திடீரென்று வேறு குரல் வந்தது. "சன்னாசிண்ணே, நான் ஜெசிந்தா. கதவு இன்னும் தொறந்துதான்ணே இருக்கு. அது உங்க சம்சாரம் இல்லண்ணே. எழுந்து வாங்க. நான் இங்கதான் நிக்கிறேன், உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன். வாங்கண்ணே, கெஞ்சிக் கேக்கிறேன்."

ஜெசிந்தா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். கூடத்தில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம், செத்த நேரம்," என்றார் சன்னாசி, மிக மரியாதையாக. "அவளைப் பேச விடுங்க."

அந்தக் குரல் மூன்று முறை அழைத்தது. மூன்றாம் முறை அழுதது. பிறகு ஏதோ முறிந்து விழும் சத்தம். அதன் பின் ஒச்சம்மாவின் குரல் திரும்ப வந்தது. இப்போது அதில் அவசரம் இல்லை.

"சரிய்யா, உக்காரு. நான் எங்கயும் போகல. மோனிக்கு வந்த பையன் போடியில எந்தத் தெரு?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். விசாரணை அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

இடைவேளையில் ரிஸ்வான் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெசிந்தா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் குரல் எப்படி வந்துச்சு ரிஸ்வான்? நான் கொடுக்கவே இல்லையே."

"போட்ட குரலுக்கு ஆள் மசியலைன்னா வேற யாரு சொன்னாக் கேப்பாருன்னு அதுவே தேடுமுங்க. ஒத்திகை முழுக்க நீங்க பேசினது அதுகிட்ட இருக்கு. அவரு ரொம்ப மதிச்சது உங்களைத்தான்னு அதுக்குப் பட்டிருக்கு."

"கடைசியில ஏன் அந்தக் குரல் மாறிச்சு?"

ரிஸ்வான் நிமிரவில்லை. "கதவு அடைபட்டுருச்சுங்க. போக வழியே இல்லைன்னு ஆச்சுன்னா, பயமில்லாம இருக்கற மாதிரிப் பேசணும்னு நான்தான் எழுதி வெச்சேன்."

மாலையில் பேருந்து நிலையத்தில் மோனிஷாவை ஜெசிந்தா பார்த்தாள். பார்க்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அந்தப் பெண்ணே எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அப்பா தனியாக் கெடந்து செத்தாருன்னுதான் இத்தனை நாள் நெனச்சேன். நீங்க கடைசி வரைக்கும் நின்னு கூப்பிட்டிருக்கீங்க. அவரு வரல, அது அவரு விதி. ஆனா கூப்பிட ஒரு ஆள் இருந்துச்சுல்ல."

அந்தக் கை சூடாக, வறண்டு இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டால் போதும், அந்தப் பெண் நிம்மதியாக மதுரை போய்ச் சேர்வாள். ஜெசிந்தாவுக்குச் சன்னாசியை ஒருநாளும் அண்ணன் என்று அழைத்த ஞாபகம் இல்லை. கந்தவேலுவைத்தான் அப்படி அழைப்பாள். பாய்லர் அறைக்காரரை எப்போதும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"அது நான் இல்ல மோனிஷா," என்றாள். "அது அந்தப் பொறி. என் குரலை எடுத்துக்கிட்டு அதுதான் பேசிச்சு."

மோனிஷா கையை எடுக்கவில்லை. புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நீங்க எங்கக்கா இருந்தீங்க?"

"பஸ்ஸுல. பஸ் கிளம்பிருச்சு."

"ஓ," என்றாள் மோனிஷா. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மதுரை வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி திரும்பும்வரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகும் ஜெசிந்தா அங்கேயே நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"சன்னாசிண்ணே, எழுந்து வாங்க."

அந்தப் பொறி சொன்ன அளவுக்கு அது உருக்கமாக வரவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.